பக்கவாதமும் மின்சார ஊசியும்: 260 ஆண்டுக் கணக்கு

காலை நடைக்கு இறங்கும் நேரத்தில் நம் உள்சாலையில், ஒரு கையை வயிற்றோடு மடித்து வைத்துக்கொண்டு, ஒரு காலை அரைவட்டமாக வீசி வீசி நடப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரோக் வந்து மீண்டுகொண்டிருப்பவர்கள். அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், லிஃப்டில் ஏறி இறங்குவதற்குள் நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். அதில் இப்போது அடிக்கடி காதில் விழுவது மின் அக்குபஞ்சர். கையிலும் காலிலும் மெல்லிய ஊசிகளைச் செருகி, அவற்றில் கிளிப் மாட்டி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து லேசாக கரண்ட் விடுவார்கள். இத்தனை நாள் சிகிச்சை என்று மொத்தமாகப் பணம் கட்டச் சொல்வதும் உண்டு.

கட்டலாமா என்று என்னையும் சிலர் கேட்டார்கள். நான் பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஒரு கணக்கு எந்தத் தேதியில் தொடங்கியது, நடுவில் யார் யார் என்ன எழுதினார்கள் என்று பழைய பேரேட்டைப் புரட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அப்படிப் புரட்டியதில் கிடைத்தது இது. செயலிழந்த கைக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்த கணக்கின் முதல் பக்கங்கள் சீனாவில் இல்லை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன.

1757 டிசம்பர் 21ஆம் தேதி, லண்டனில் தங்கியிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், ஜான் பிரிங்கிள் என்ற மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 100 டாலர் நோட்டில் படம் இருக்கிறதே, அதே பிராங்க்ளின்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, இத்தாலியிலும் ஜெர்மனியிலும் மின்சாரத்தால் பெரிய பெரிய வியாதிகள் குணமாவதாகப் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டிருந்தது. ஜெனிவாவில் ழான் ஜலாபேர் என்ற பேராசிரியர், பல ஆண்டுகளாகக் கை முடங்கிக் கிடந்த ஒரு பூட்டுத் தொழிலாளியை மின்சாரத்தால் தேற்றியதாக 1748ல் புத்தகமே போட்டிருந்தார். இதையெல்லாம் கேள்விப்பட்டு, பென்சில்வேனியாவின் பல பகுதிகளிலிருந்தும் பக்கத்து மாகாணங்களிலிருந்தும் வாத நோயாளிகளைப் பிராங்க்ளினிடம் அழைத்து வந்தார்கள். அவர் வைத்தியர் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டதால் செய்தார்.

அவர் செய்த விதத்தைப் படித்தால் நமக்கே உடம்பு கூசும். லெய்டன் ஜாடி என்பது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்ணாடிப் பாத்திரம், நம் ஃபேனில் இருக்கும் கெபாசிட்டருக்குத் தாத்தா. ஆறு கேலன் கொள்ளும் அப்படிப்பட்ட ஜாடிகள் இரண்டை முழுக்க நிரப்பி, இரண்டையும் ஒன்றாக, செயலிழந்த கை அல்லது காலின் வழியே இறக்குவார். ஒரு நாளைக்கு மூன்று தடவை. உடனே அந்தக் கையில் சூடு தெரியும். மறுநாள் காலையில், ராத்திரி அந்த இடத்தில் குத்துவது போல் இருந்தது என்று நோயாளி சொல்வார். முதல் நாள் முழங்காலில் வைத்த கையைத் தூக்கவே முடியாதவர், அடுத்த நாள் நான்கைந்து அங்குலம் தூக்குவார். மூன்றாம் நாள் இன்னும் உயரம். ஐந்தாம் நாள், தளர்வாகத்தான் என்றாலும், தன் தலையிலிருக்கும் தொப்பியைத் தானே கழற்றிவிடுவார்.

வீட்டில் ஒருவருக்கு இப்படி நடந்தால் நாம் என்ன செய்வோம்? அன்றைக்கே நாலு குழுவில் வீடியோ போடுவோம். பிராங்க்ளின் ஆறாம் நாளையும் குறித்து வைத்தார். ஐந்தாம் நாளுக்குப் பிறகு எந்த முன்னேற்றத்தையும் கண்டதாக நினைவில்லை என்கிறார். நோயாளிகளுக்கும் அது தெரிந்தது, ஷாக்கும் பொறுக்க முடியாததாக இருந்தது. மனம் விட்டுப்போய் ஊருக்குத் திரும்பினார்கள், கொஞ்ச நாளில் பழைய நிலைக்கே போனார்கள். நிலையான பலன் ஒன்றையும் தாம் அறியவில்லை என்று எழுதிவிட்டு, அவர் இன்னொன்றும் எழுதுகிறார். அந்த முதல் சில நாள் முன்னேற்றம்கூட மின்சாரத்தால்தானா? அவ்வளவு தூரம் பயணம் செய்ததும், தினமும் தம் வீடு வரை வந்துபோனதும் கொடுத்த உடற்பயிற்சியாலா? குணமாகிவிடுவோம் என்ற நம்பிக்கை தந்த உற்சாகத்தாலா? தமக்குத் தெரியவில்லை என்கிறார். பெரிய அடியாகச் சில கொடுப்பதைவிடச் சின்னச் சின்னதாகப் பல கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்ற யோசனையும் அதே கடிதத்தில் இருக்கிறது. இன்றைய மின் அக்குபஞ்சர் பெட்டி செய்வது ஏறக்குறைய அதைத்தான்.

ஊசியா, வந்துபோன நடையா, நம்பிக்கையா என்ற இந்தக் கேள்விக்குப் பதில் தேட இன்னும் 230 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நடந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியின் லூயிஜி கால்வானி, செத்த தவளையின் காலில் மின்சாரம் பட்டால் அது துடிப்பதை 1791ல் எழுதி வெளியிட்டார். அவருடைய சகோதரி மகன் ஜொவான்னி ஆல்தினி, 1803ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் செலுத்திக் காட்டினார். தாடை அசைந்தது, ஒரு கண் திறந்தது, கை முஷ்டி மடக்கியது. பார்த்தவர்கள் பயந்துபோனார்கள். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், உயிரில்லாத கையும் கரண்ட் பட்டால் துடிக்கும். ஊசியில் கரண்ட் விட்டவுடன் விரல் ஆடுவதைப் பார்த்து, “பாருங்க, உயிர் வந்துடுச்சு!” என்று வீட்டில் எல்லோரும் கண்கலங்கும்போது இது ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

நம் பம்ப் ரூமை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் மோட்டார் கெடுவதில்லை. கை, கால் தசைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. கெட்டது மேலே இருக்கும் ஸ்டார்ட்டர், அதாவது மூளை. அங்கே ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ ஒரு பகுதி செத்துப்போகிறது. இடது மூளையில் என்றால் வலது கை கால், வலது மூளையில் என்றால் இடது கை கால். மோட்டாருக்கு நேரடியாக ஒயர் கொடுத்தால் அது ஓடத்தான் செய்யும். ஸ்டார்ட்டர் சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. மின் அக்குபஞ்சர் செய்பவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இதை மறுப்பதும் இல்லை. தோலிலிருந்தும் தசையிலிருந்தும் மேல்நோக்கிப் போகும் உணர்வு, மூளையின் மிச்சப் பகுதியை வேலை கற்றுக்கொள்ளத் தூண்டலாம் என்பது அவர்கள் வாதம். தள்ளிவிடக் கூடிய வாதம் அல்ல. சோதித்துப் பார்க்க வேண்டிய வாதம்.

இனி ஊசிக்கு வருவோம். ஜப்பானில் டச்சு வணிகக் கம்பெனியின் மருத்துவராக இருந்த வில்லெம் டென் ரைனே 1683ல் எழுதிய நூல்தான், ஊசி மருத்துவத்தை ஐரோப்பாவுக்கு விரிவாகச் சொன்னது. அக்குபஞ்சர் என்ற பெயரே சீனப் பெயர் இல்லை. அது அவர் நூலில் வரும் லத்தீன் சொல். பிரான்சில் லூயி பெர்லியோஸ் என்ற மருத்துவர், இசையமைப்பாளர் பெர்லியோஸின் தந்தை, 1816ல் ஊசி சிகிச்சையைப் பற்றி எழுதினார். 1825ல் ழான் பாப்டிஸ்ட் சார்லாந்தியேர் ஊசியையும் மின்சாரத்தையும் சேர்த்தார். கீல்வாதம், மூட்டு வலி போன்றவற்றுக்கு. ஆக, ஊசி சீனாவுடையது என்றாலும் அதில் மின்சாரத்தைக் கோத்து அதைப் பற்றி நூல் எழுதியவர் ஒரு பாரீஸ் மருத்துவர். பின்னாலேயே வந்த துஷேன், ஊசியால் வரும் வலியும் காயமும் வேண்டாமென்று, ஈரமான பட்டைகளைத் தோல் மேல் வைத்தே தசைகளை இயக்கிக் காட்டி 1855ல் நூல் வெளியிட்டார். இன்று பிசியோதெரபி அறையில் “கரண்ட் வைக்கிறாங்க” என்று நாம் சொல்வதற்கு அவரும் ஒரு மூதாதை.

சீனாவில் கதை வேறு. அங்கே இந்த நோயின் பெயர் ‘காற்று தாக்கியது’ என்று பொருள்படும். நாம் வாதம் என்கிறோம், வாதம் என்றாலும் காற்றுதான். ஆங்கிலேயர் ‘அடி’ என்கிறார்கள். திடீரென்று ஒருவர் விழுவதைப் பார்த்த எல்லா ஊர்க்காரர்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அடித்ததாகத்தான் தோன்றியிருக்கிறது. 2,000 ஆண்டுக்கு முந்தைய ‘மஞ்சள் பேரரசரின் உள் நூல்’ என்னும் சீன மருத்துவ நூலில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: பாதி உலர்ந்துபோதல். பட்ட மரக்கிளையைப் பார்த்தவர் வைத்த பெயராக இருக்க வேண்டும்.

ஊசி அங்கே எப்போதும் கொடிகட்டிப் பறந்தது என்று நினைக்க வேண்டாம். 1822ல் தாவோகுவாங் பேரரசர், அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி மருத்துவத்தையே நிறுத்திவிட்டார். எட்டு ஆண்டு கழித்து, 1830ல், வாங் சிங்ரென் என்ற மருத்துவர் பக்கவாதத்துக்கு எழுதி வைத்த புகழ்பெற்ற மருந்து, ஊசி இல்லை, கஷாயம். அது இன்றும் சீனாவில் வழக்கத்தில் இருக்கிறது. 1929ல் சீனப் பாரம்பரிய மருத்துவத்தையே ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானம் அரசின் சுகாதாரக் குழுவில் வந்து, பெரிய எதிர்ப்பால் நின்றது.

1949க்குப் பிறகு காற்று திரும்பியது. கோடிக்கணக்கான மக்கள், கொஞ்சமே கொஞ்சம் ஆங்கில மருத்துவர்கள். கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டிய நிலை. சீன மருத்துவமும் மேற்கத்திய மருத்துவமும் கைகோக்க வேண்டும் என்று அரசு சொன்னது. 1950களில் ஷான்ஷி மாகாணத்தில் ஜூ லாங்யூ என்பவர் மின் அக்குபஞ்சரைப் பரப்பினார். 1958ல் ஷாங்காயில் ஊசியால் மரத்துப்போகச் செய்து டான்சில் அறுவை செய்தார்கள். அறுவை முடியும் வரை ஊசிகளைக் கையால் விடாமல் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். விரல் வலிக்குமா இல்லையா? அந்த வேலையை மின்சாரப் பெட்டி எடுத்துக்கொண்டது. மின் அக்குபஞ்சர் பரவியதற்குத் தத்துவத்தைவிட இந்தச் சௌகரியம் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. டெல்லர் மிஷின் வந்த பிறகு நோட்டு எண்ணும் விரல்களுக்கு ஓய்வு கிடைத்த மாதிரிதான்.

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. அறுவைக்கு வழக்கமான மயக்க ஊசிதான். அதற்குப் பின் வந்த வயிற்று உபாதைக்கு அக்குபஞ்சர் செய்தார்கள். அவர் அதை எழுத, அடுத்த பிப்ரவரியில் நிக்சன் சீனா போக, உலகமே ஊசியைப் பற்றிப் பேசியது. அதே ஆண்டுகளில்தான் பக்கவாதத்துக்கென்றே இரண்டு முறைகள் சீனாவில் வந்தன. ஷான்சி மாகாணத்தின் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் ஜியாவ் ஷுன்ஃபா, மூளையின் இயக்கப் பகுதிக்கு நேர் மேலே தலைத்தோலில் ஊசி போடும் முறையை வகுத்தார். தியான்ஜினில் ஷி ஷுவேமின் 1972ல் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில், மணிக்கட்டில், கணுக்காலுக்கு மேல் என்று அதில் இடங்கள் வரும்.

பீஜிங்கில் ஹான் ஜிஷெங் என்ற உடலியல் பேராசிரியர் 1965 முதல் வலியைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊசி போட்ட முயலின் மூளைத் திரவத்தை எடுத்து, ஊசி போடாத முயலுக்குச் செலுத்தினால் அதற்கும் வலி குறைந்தது. மின்சாரத்தை நொடிக்கு 2 துடிப்பாக விட்டால் உடம்பு ஒரு வகை வலிநிவாரணியையும், 100 துடிப்பாக விட்டால் இன்னொரு வகையையும் சுரக்கிறது என்று அவர் பின்னால் காட்டினார். அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அது வலிக் கணக்கில் வந்த வரவு. அதை எடுத்து ‘கை கால் அசைவு’ என்ற கணக்கில் எழுதிக் காட்டும் துண்டுப் பிரசுரங்களை நான் பார்த்திருக்கிறேன். வங்கியில் அப்படி எழுதினால் மெமோ வரும்.

இப்போது பிராங்க்ளினின் கேள்விக்குத் திரும்பலாம். அதற்குப் பதில் தேடியவர்கள் ஸ்வீடன்காரர்கள்.

லுண்ட் என்ற பல்கலைக்கழக நகரம். பக்கவாதம் வந்து சில நாட்களே ஆன 78 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் பிசியோதெரபி முதலான வழக்கமான பயிற்சிகள் உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக, வாரம் இரண்டு முறை, பத்து வாரம், ஊசி. 1993ல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்கள் நிற்பதில், நடப்பதில், தானே சாப்பிட்டு உடுத்திக்கொள்வதில் முந்தியிருந்தார்கள். மருத்துவமனையிலும் பராமரிப்பு இல்லத்திலும் அவர்கள் இருந்த நாட்களும் குறைவு. செலவும் மிச்சம் என்பதால் உலகம் முழுக்க இது பேசப்பட்டது. 1997 நவம்பரில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, பல் வலி, வாந்தி உணர்வு ஆகியவற்றுக்கு அக்குபஞ்சர் பலன் தருகிறது என்றது. பக்கவாத மறுவாழ்வை, துணைச் சிகிச்சையாகப் பயன்படலாம் என்ற அடுத்த பட்டியலில் வைத்தது.

இதோடு விட்டிருந்தால் லுண்ட்காரர்களுக்குப் பேரும் புகழும் நிலைத்திருக்கும். அவர்கள் விடவில்லை. முதல் ஆய்வில் ஒரு ஓட்டை இருந்தது. ஊசிக் குழுவுக்கு ஊசி மட்டுமா கூடுதல்? வாரம் இரண்டு முறை ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், பேசினார், கையைத் தொட்டார். புதிதாக ஏதோ செய்கிறார்கள் என்ற தெம்பு கிடைத்தது. மற்ற குழுவுக்கு அது எதுவும் இல்லை. பிலடெல்பியாவுக்கு வந்தவர்களின் அதே சங்கதி. ஆகவே பார்ப்ரோ யோஹன்சன் தலைமையில் ஏழு மருத்துவமனைகளில், 150 பேரை வைத்து, மறுபடி செய்தார்கள். இந்த முறை மூன்று குழு. முதல் குழுவுக்கு மின் அக்குபஞ்சர் சேர்ந்த ஊசி. இரண்டாவது குழுவுக்குத் தோல் மேல் பட்டை ஒட்டி, தசை துடிக்கும் அளவுக்கு மின்சாரம். மூன்றாவது குழுவுக்கும் பட்டை ஒட்டினார்கள், பெட்டியும் வைத்தார்கள், ஆனால் விட்டது உணரவே முடியாத அளவு மின்சாரம். மூவருக்கும் பத்து வாரத்தில் 20 முறை. ஆக, வருகை, பேச்சு, நம்பிக்கை மூன்று பக்கமும் சமம்.

2001ல் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் பார்த்தார்கள், ஒரு வருடத்தில் பார்த்தார்கள். நடையிலோ, அன்றாட வேலைகளிலோ எந்தக் குழுவும் மற்றதை முந்தவில்லை. தங்கள் முதல் முடிவுக்கு எதிரான முடிவைத் தாங்களே அச்சில் போட்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் மரியாதை வந்த இடம் இதுதான். நடுவில் 1998ல் அதே நாட்டின் கோதன்பர்க்கில் 104 பேரை வைத்து ஆழமான ஊசி, மேலோட்டமான ஊசி, ஊசியே இல்லை என்று மூன்றாகப் பிரித்துச் செய்ததிலும் வித்தியாசம் காணவில்லை.

“சீனாவில் ஆயிரம் ஆய்வு இருக்கிறதே, எல்லாம் பலன் என்றுதானே சொல்கிறது?” என்று கேட்பீர்கள். அந்த ‘எல்லாம்’தான் உதைக்கிறது. ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1998ல் நாடு வாரியாக எடுத்துப் பார்த்தார்கள். சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் எடுத்த அக்குபஞ்சர் ஆய்வுகளில் ஒன்றுகூட ஊசிக்குப் பாதகமாக இல்லை. எந்த மருந்துக்கும் அப்படி வராது. ஒரு கிளையிலிருந்து வருடா வருடம் வாராக்கடன் பூஜ்யம் என்று அறிக்கை வந்தால் தலைமை அலுவலகம் மாலை போடாது, இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் அனுப்பும். தோற்ற ஆய்வுகள் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். 2016ல் காக்ரேன் என்ற சர்வதேச மதிப்பாய்வு அமைப்பு, பக்கவாத மறுவாழ்வில் அக்குபஞ்சர் பற்றிய 31 ஆய்வுகளை, மொத்தம் 2,257 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்தது. கொஞ்சம் பலன் போலத் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரமும் அளவும் போதாது, எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்கச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதியது.

நம் நாட்டுக்கு இது வந்த வழியும் சுவையானது. 1938ல் ஜப்பானியப் படையெடுப்பால் தவித்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் துவாரகாநாத் கோட்னிஸை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் அங்கேயே 1942ல் இறந்தார். அவரோடு போனவர்களில் ஒருவரான பிஜய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய் ஊசி மருத்துவம் கற்றுவந்து, 1959ல் கல்கத்தாவில் தொடங்கினார். 2019ல் மத்திய சுகாதார அமைச்சகம் அக்குபஞ்சரைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஒரு முறைக்கு அங்கீகாரம் என்பது, அந்த முறை எல்லா நோயையும் தீர்க்கும் என்ற சான்றிதழ் ஆகாது.

சரி, பணம் கட்டலாமா? பிசியோதெரபியை விடாமல், அதற்கு மேல் கூடுதலாக, கைக்கு அடக்கமான செலவில் என்றால் அது உங்கள் வீட்டு முடிவு. தோள் வலி போன்றவற்றுக்குச் சிலருக்குச் சுகம் கிடைக்கலாம். பிசியோதெரபியை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை இதில் போடுவதென்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் மூன்று மாதங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஓரளவு அசைவு திரும்பும். அந்த மாதங்கள் பயிற்சிக்கு மிகவும் உகந்தவை, போனால் வராது. அந்தச் சமயத்தில் எந்தச் சிகிச்சை நடந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும் என்பதையும் கவனியுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மின்சார ஊசி பக்கம் போகவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பக்கவாதம் வந்தவர்களில் அநேகம் பேர் அப்படித்தான், ஊசி என்றாலே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். உணர்ச்சி மரத்த பக்கத்தில் கரண்ட் அதிகமானாலும் சொல்லத் தெரியாது.

இன்னொன்று, இது அவசரம். பக்கவாதம் வந்தவரை அசைக்காமல் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒவ்வொரு சொட்டு ரத்தம் எடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நம் குழுவிலும் வந்தது. பத்து விரல் நுனி என்பது சீன ஊசி மருத்துவத்தில் மயக்கத்துக்குச் சொல்லப்பட்ட பழைய இடங்கள்தான், ஆனால் மூளையில் அடைத்த ரத்தக்கட்டி விரலைக் குத்தினால் கரையாது. அதைக் கரைக்கும் மருந்தை நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, குண்டூசி தேடாமல் 108ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வையுங்கள், மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பிராங்க்ளின் சந்தேகப்பட்ட ‘உடற்பயிற்சி’ பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் ஒரு முறையை வகுத்தார். நல்ல கைக்குப் பெரிய கையுறை மாட்டிக் கட்டிவிட்டு, முடங்கிய கையாலேயே எல்லாம் செய்ய வைப்பது. 222 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006ல் வெளிவந்தது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கையுறை, இரண்டு வாரம், தினமும் பல மணி நேரப் பயிற்சி. அவர்கள் கை தெளிவாக முன்னேறியது, ஒரு வருடம் கழித்தும் நின்றது. கையில் ஓரளவு அசைவு மிச்சமிருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

மின்சாரமும் போய்விடவில்லை. கழுத்தில் போகும் வேகஸ் நரம்பில் ஒரு மின்கம்பியை அறுவை செய்து பொருத்தும் கருவிக்கு 2021ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது சும்மா இருக்கும்போது கரண்ட் விடுவதில்லை. நோயாளி தானே முயன்று கையை நீட்டுகிற அந்த நொடியில், பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளர் பொத்தானை அழுத்த, அரை நொடி மின்சாரம் போகும். 108 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அத்தனை பேருக்கும் கருவி பொருத்தினார்கள், பாதிப் பேருக்கு மட்டும் முறையான மின்சாரம் விட்டார்கள். பயிற்சி முடிந்து 90 நாள் கழித்துப் பார்த்தபோது, மின்சாரம் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 47 பேருக்குக் கையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். கிடைக்காமல், அதே பயிற்சியை மட்டும் செய்தவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு.